கஞ்சாக் கதைக்கு டாலர், வாய்தாவுக்கு நாலு வரி

ஹாஸ்டலில் புதுசாக ஒரு வியாதி பரவியிருக்கிறது. பெயர் ஃப்ரீலான்ஸ். மெஸ்ஸில் சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டே, எந்தப் பத்திரிகை ஒரு வார்த்தைக்கு எத்தனை சென்ட் தருகிறது என்று பேசிக்கொள்கிறார்கள். செமஸ்டர் ஃபீஸ் கட்ட வேண்டியவன் பேசத்தான் செய்வான், தப்பே இல்லை. தமிழில் எழுதினால் பெரும்பாலும் என்ன கிடைக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். பிரசுரமான இதழில் ஒரு பிரதி. பல சமயம் அதையும் நாமே கடையில் போய் வாங்க வேண்டும்.

இந்த வியாதியின் லேட்டஸ்ட் வகை, வெளிநாட்டுக் கஞ்சாப் பத்திரிகைக்குக் கட்டுரை எழுதுவது. சிரிக்காதீர்கள், நிஜமாகவே அப்படிப் பத்திரிகைகள் இருக்கின்றன. 1974-ல் நியூயார்க்கில் டாம் ஃபோர்சேட் என்பவர் 'ஹை டைம்ஸ்' என்று ஒன்றை ஆரம்பித்தார். பிளேபாய் நடுப்பக்கத்தில் பெண் படம் போட்டால், இவர்கள் நடுப்பக்கத்தில் கஞ்சாச் செடி படம் போட்டார்கள். கிண்டலாக ஆரம்பித்தது பிழைத்துக்கொண்டது. 2012-ல் அமெரிக்காவின் கொலராடோவிலும் வாஷிங்டன் மாநிலத்திலும் மக்கள் ஓட்டுப் போட்டு அனுமதித்தார்கள். 2014 ஜனவரி 1-ல் கொலராடோவில் கடை திறந்தாயிற்று. 2018 அக்டோபரில் கனடா முழுக்கச் சட்டபூர்வம். அதற்கப்புறம் கஞ்சாவும் ஓவியமும், கஞ்சாவும் சமையலும், கஞ்சாவும் பயணமும் என்று வழவழப்பான தாளில் கலை, கலாசாரப் பத்திரிகைகள் வர ஆரம்பித்தன. அவர்களுக்கு இந்தியாவிலிருந்து கதை வேண்டும். நம் பையன்களுக்கு டாலர் வேண்டும். ஜோடிப் பொருத்தம் பிரமாதம்.

எனக்கு இதில் ஒரு சண்டை இருக்கிறது. எழுதாதே என்று சொல்ல வரவில்லை. இப்போது அனுப்பிக்கொண்டிருக்கிற மாதிரி எழுதாதே என்கிறேன்.

முதலில், விஷயம் தெரியாதவர்களுக்கு. பிட்ச் என்பது கட்டுரை இல்லை. ஆசிரியருக்கு அனுப்பும் ஒரு பக்கக் கடிதம். என்ன கதை, ஏன் இப்போது, ஏன் நீ எழுத வேண்டும் என்ற மூன்று கேள்விக்கும் அதில் பதில் இருக்க வேண்டும். பிடித்தால் "எழுது" என்பார்கள். எழுத வைத்துவிட்டு வேண்டாம் என்றால் சில பத்திரிகைகள் பேசிய தொகையில் ஒரு பங்கைக் கொடுக்கும், பல கொடுக்காது. அவ்வளவுதான் தொழில். இதில் சாமர்த்தியம் முழுக்க இரண்டாவது வரியில் இருக்கிறது. ஆசிரியர் மனசில் ஏற்கெனவே இருக்கும் படத்தை அந்த இரண்டாவது வரியில் அவருக்கே திருப்பிக் காட்டிவிட்டால் வேலை முடிந்தது.

நம் ஆட்கள் காட்டும் படங்கள் என்னென்ன? நான் பார்த்த வரைக்கும் மொத்தம் நான்குதான். ஒன்று, சடாமுடிச் சாமியார் புகைவிடுவது. இரண்டு, மலையில் பனிமூட்டம், அதில் கஞ்சாக் காடு. மூன்று, சிவராத்திரி, ஹோலி, பாங்கு லஸ்ஸி. நான்கு, சித்தர் பாடலில் மறைபொருள். இதை மாற்றி மாற்றிக் கலந்தால் இந்தியக் கஞ்சாக் கட்டுரை தயார். காசியில் பாங்கு விற்க அரசு உரிமம் பெற்ற கடை இருப்பது உண்மைதான். சித்த மருத்துவத்தில் கஞ்சாவுக்கு இடம் இருப்பதும் உண்மைதான். பொய் எதுவும் இல்லை. ஆனால் இந்த நான்கு படத்திலும் ஒரே ஒரு ஆளைக் காணோம். கேஸ் வாங்கினவன்.

நானும் ஒரு பிட்ச் அனுப்பினேன். எந்தப் பத்திரிகை என்பது வேண்டாம், ஊர் பேர் சொல்லித் திட்டுவதற்கு இந்தப் பதிவு இல்லை. நான் எழுதியது சுருக்கமாக இதுதான்: அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கத்து வானம் பார்த்த பூமியில் ஒரு பொட்டலம் ஒரு குடும்பத்தை என்ன செய்கிறது? தறிக்கும் ஸ்பின்னிங் மில்லுக்கும் போய்க்கொண்டிருந்த பையன் ஒருவன் பார்சல் தூக்கப் போகிறான், பிடிபடுகிறான், அப்புறம் அவன் அம்மா வாய்தாவுக்கு வாய்தா மதுரைக்கு பஸ் ஏறுகிறாள். அந்த பஸ் பயணம்தான் கட்டுரை என்று எழுதியிருந்தேன்.

பதில் மரியாதையாகவே வந்தது. நன்றாக இருக்கிறதாம், ஆனால் கொஞ்சம் இருட்டாக இருக்கிறதாம். அந்தப் பக்கம் கஞ்சா வயல் படம் கிடைக்குமா? உள்ளூர்க் கோயில் சடங்கு ஏதாவது? திருச்சுழி ஒரு பெரிய ஞானி பிறந்த ஊராமே, அதைச் சேர்க்க முடியுமா?

வயலாம். நண்பர்களே, எங்கள் பக்கம் வந்து பார்த்திருக்கிறீர்களா? குண்டாற்றில் தண்ணீரைவிட மணல் அதிகம், மணலைவிடச் சீமைக் கருவேலம் அதிகம். மழை பெய்தால் பருத்தி, மிளகாய், மக்காச்சோளம், குதிரைவாலி. பெய்யாவிட்டால் கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போடுவார்கள். அந்தக் காலத்தில் வருசநாட்டு மலையில் கஞ்சா போட்ட கதையெல்லாம் தேனிப் பக்கத்துச் சமாச்சாரம். இன்றைக்குத் தமிழ்நாட்டில் பிடிபடுவதில் பெரும்பகுதி ஆந்திரா, ஒடிசா எல்லை மலைகளிலிருந்து ரயிலிலும் லாரியிலும் வருவது. அதில் ஒரு பங்கு ராமநாதபுரம் கடற்கரை வழியாக இலங்கைக்குப் போகப் பார்ப்பது. எங்கள் கரிசல் காட்டில் அது விளைவதில்லை. கடந்து போகிறது. போகும்போது சில பையன்களைக் கூடவே கூட்டிக்கொண்டு போகிறது.

ஞானி விஷயம். ரமணர் 1879 டிசம்பர் 30-ல் திருச்சுழியில் பிறந்தார். 1896-ல் மதுரையிலிருந்து திருவண்ணாமலைக்குப் போனவர் கடைசி வரை அங்கேயே இருந்தார். இதற்கும் கஞ்சாவுக்கும் என்ன சம்பந்தம்? ஒரே தாலுகாவில் இருக்கிறது என்பதைத் தவிர ஒன்றும் இல்லை. கேட்ட ஆசிரியர் மீது எனக்குப் பெரிய கோபம் இல்லை, அவருக்குத் தெரியாது. தெரிந்தும், "அதற்கென்ன, சேர்த்துவிடலாம் சார்" என்று எழுதித் தரத் தயாராக இருக்கிற நம் ஆட்கள் மீதுதான் கோபம். எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்பது இதுதான்.

சரி, அந்தக் கட்டுரைகளில் விட்டுப்போகிற விஷயம் என்ன? கொஞ்சம் சட்டம் பேசுவோம். போரடிக்கும், ஆனால் படியுங்கள்.

போதைப்பொருள் தடுப்புச் சட்டம் 1985-ல் வந்தது. அந்த வருடம் நவம்பர் 14-ல் அமலுக்கு வந்தது. குழந்தைகள் தினம் என்பதைக் கவனிக்கவும். இந்தச் சட்டத்தில் எல்லாமே எடைதான். கஞ்சா 1 கிலோ வரைக்கும் சிறிய அளவு. அதிகபட்சம் ஒரு வருடம் சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 20 கிலோவைத் தாண்டினால் வணிக அளவு. குறைந்தபட்சமே 10 வருடம், 20 வருடம் வரை போகலாம், அபராதம் ஒரு லட்சத்துக்குக் குறையாது. நடுவில் இருந்தால் 10 வருடம் வரை.

வணிக அளவு என்று எழுதிவிட்டால் 37-ஆம் பிரிவு வந்து உட்கார்ந்துகொள்ளும். அரசு வக்கீல் எதிர்த்தால், 'இவன் குற்றவாளி இல்லை என்று நம்ப நியாயமான காரணம் இருக்கிறது, வெளியே போனாலும் குற்றம் செய்ய மாட்டான்' என்று நீதிபதிக்குத் திருப்தி வந்தால்தான் ஜாமீன். விசாரணையே ஆரம்பிக்காத நிலையில் இதை எப்படிக் காட்டுவது? சாதாரண வழக்கில் 60 அல்லது 90 நாளில் குற்றப்பத்திரிகை போடாவிட்டால் ஜாமீன் உரிமை வந்துவிடும். இதில் அது 180 நாள். நீதிமன்றம் அனுமதித்தால் ஒரு வருடம் வரைக்கும் இழுக்கலாம். இன்னும் ஒன்று. உன் கையில் இருந்தது என்று நிரூபித்துவிட்டால், தெரியாமல் வைத்திருந்தேன் என்பதை நீதான் நிரூபிக்க வேண்டும். 35, 54 பிரிவுகள். "அண்ணே, மதுரையில ஒருத்தர் குடுக்கச் சொன்னாரு, உள்ள என்னன்னு பாக்கல" என்று சொல்கிற பையன், தான் பார்க்கவில்லை என்பதை எந்தச் சாட்சியை வைத்து நிரூபிப்பான்?

இப்போது எடைக்கு வாருங்கள். சட்டப்படி கஞ்சா என்றால் பூவும் காயும் உள்ள நுனிப் பகுதி. அந்த நுனி இல்லாமல் தனியாக இருக்கும் விதையும் இலையும் கணக்கில் வராது. ஆனால் மூட்டையை அப்படியே தராசில் வைத்தால் தண்டு, இலை எல்லாம் சேர்ந்துதான் நிற்கும். 19 கிலோவுக்கும் 21 கிலோவுக்கும் இடையில் ஒரு பையனின் பத்து வருடம் தொங்குகிறது. வக்கீல்கள் நீதிமன்றத்தில் திரும்பத் திரும்ப எழுப்பும் வாதம் இது. கஞ்சாவும் கலாசாரமும் என்று எழுதுகிறவர் யாராவது இந்தத் தராசைப் பற்றி எழுதியிருக்கிறாரா? ஓவியம், இசை, நெசவு எல்லாம் கலாசாரம் என்றால், வாய்தா நாளில் விடியற்காலை அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் தூக்குச்சட்டியோடு நிற்கிற அம்மாக்களும் எங்கள் ஊர்க் கலாசாரம்தான்.

வெளிநாட்டுக்காரனை மட்டும் திட்டினால் நியாயம் இல்லை. நம் தமிழ்ப் பத்திரிகைகள் என்ன செய்கின்றன? "கஞ்சா விற்ற வாலிபர் கைது" என்று ஒரு பெட்டிச் செய்தி. நான்கு வரி. பெயர், வயது, அப்பா பெயர், தெரு. கடைசியில் "போலீசார் விசாரித்து வருகின்றனர்". அந்த விசாரணை என்ன ஆனது என்று ஐந்தாவது வரி என்றைக்காவது வந்திருக்கிறதா? விடுதலையானால் பெட்டிச் செய்தி போடுகிறார்களா? 2021 டிசம்பரில் தமிழகக் காவல்துறை 'ஆபரேஷன் கஞ்சா வேட்டை' என்று ஆரம்பித்தது. 2022-ல் 2.0 வந்தது, அப்புறம் 3.0 வந்தது, சாஃப்ட்வேர் மாதிரி. ஒவ்வொரு முறையும் எத்தனை பேர் கைது, எத்தனை கிலோ பறிமுதல் என்று தலைப்பு வந்தது. எத்தனை பேருக்குத் தண்டனை, எத்தனை பேர் விடுதலை, எத்தனை பேர் தீர்ப்பே வராமல் உள்ளே இருந்தார்கள் என்று அதே எழுத்தில் தலைப்பு வந்து நான் பார்க்கவில்லை.

எலிக் கதை ஞாபகம் இருக்கிறதா? 2020-ல் சென்னை மெரினாவில் 22 கிலோ கஞ்சாவோடு இரண்டு பேரைப் பிடித்ததாக வழக்கு. 2023 ஜூலையில் வழக்கு தீர்ப்புக்கு வந்தபோது, பறிமுதல் செய்ததில் பெரும்பகுதியை எலி தின்றுவிட்டது என்று போலீஸ் தரப்பில் சொன்னார்கள். இருவரும் விடுதலை. இந்தியாவே சிரித்தது, வெளிநாட்டுப் பத்திரிகைகளும் வேடிக்கைச் செய்தியாகப் போட்டன. மீம் போட்டோம், ஃபார்வேர்டு பண்ணினோம். சரி, அந்த இரண்டு பேர் எத்தனை நாள் உள்ளே இருந்தார்கள் என்று எந்த மீமில் படித்தீர்கள்? எலிக்குக் கிடைத்த வரிகளில் பாதிகூட அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

இந்த இடத்தில் ஒரு பழைய கதை சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஃப்ரீலான்ஸ் சிங்கங்கள் இதை ரொம்பவும் துஷ்பிரயோகம் செய்கிறார்கள். 1893-ல் பிரிட்டிஷ் அரசு இந்தியக் கஞ்சாவை ஆராய ஒரு கமிஷன் போட்டது. நாடு முழுக்கச் சுற்றி 1,193 சாட்சிகளிடம் கேட்டு 1894-ல் அறிக்கை கொடுத்தார்கள். மிதமாகப் பயன்படுத்தினால் பெரிதாகக் கெடுதல் இல்லை, அடியோடு தடை வேண்டாம், உரிமமும் வரியும் போட்டுக் கட்டுப்படுத்துங்கள் என்றது அறிக்கை. கஞ்சாப் பத்திரிகைக் கட்டுரைகளில் இந்த முதல் பாதி மட்டும் ஸ்லோகம் மாதிரி வரும்.

அந்தக் கமிஷன் செய்த உருப்படியான வேலை வேறு. கஞ்சாவால்தான் பைத்தியம் பிடிக்கிறது என்று அன்றைய மனநல விடுதிகளின் பதிவேட்டில் நிறைய எழுதி வைத்திருந்தார்கள். கமிஷன் அந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் ஒவ்வொரு வழக்காகத் தோண்டிப் பார்த்தது. பல இடங்களில் 'காரணம்' என்ற கட்டத்தை நிரப்ப வேண்டுமே என்பதற்காகக் கஞ்சா என்று எழுதியிருந்தது தெரிந்தது. கூட்டி வந்த போலீஸ் சொன்னது அப்படியே பதிவேட்டில் ஏறியிருந்தது. அந்தக் கணக்கை நம்ப முடியாது என்று கமிஷனே எழுதியது.

வெள்ளைக்காரன் வரி வசூலுக்காகச் செய்தானோ எதற்காகச் செய்தானோ, பதிவேட்டில் இருக்கும் ஒரு வரியை நம்பாமல் ஆளைத் தேடிப் போய்ப் பார்த்தான். நிருபர் வேலை என்பது அதுதான். 130 வருடம் கழித்து நாம் என்ன செய்கிறோம்? போலீஸ் கொடுத்த பிரஸ் நோட்டைத் தமிழில் அப்படியே போடுகிறோம். இங்கிலீஷில் சாமியார் படம் போடுகிறோம்.

இனி எனக்கு வரப்போகும் கேள்விகளுக்கு முன்கூட்டியே பதில்.

"அப்ப நீ கஞ்சாவுக்கு சப்போர்ட்டா?" இல்லை. பள்ளிக்கூடத்தில் கூடப் படித்தவர்கள் சிலர் இன்றைக்கு என்ன நிலைமையில் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். பதினைந்து வயசில் ஆரம்பித்தவனுக்கு அது கலாசாரமும் இல்லை, ஞானமும் இல்லை. ஆனால் இழுக்கிறவனைக் காப்பாற்றுகிற வழியும் தூக்கினவனைப் பத்து வருடம் போடுகிற வழியும் ஒன்றல்ல. இதே சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. அடிமையானவன் தானாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சிகிச்சை எடுத்துக்கொண்டால், பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கிலிருந்து விலக்கு உண்டு. உங்கள் தெருவில் யாருக்காவது இது தெரியுமா? கஞ்சா வேட்டைக்கு அடித்த போஸ்டரில் நான் இதைப் பார்த்ததில்லை.

"பணம் வருது, உனக்கென்ன பொறாமை?" பொறாமை கொஞ்சம் உண்டு, மறைக்கவில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். அங்கே கடையில் வாங்கி, வீட்டு வாசலில் உட்கார்ந்து, நம் கட்டுரையைப் படிக்கிற ஆளுக்கு எந்தச் சட்டமும் இல்லை. உலகம் முழுக்க இதைத் தடுக்கச் சொன்ன 1961 ஐ.நா. ஒப்பந்தத்துக்குப் பின்னால் நின்ற முக்கியமான நாடு அமெரிக்கா. அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட கடனுக்குத்தான் 1985-ல் நாம் இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தோம். இப்போது அவர்களில் பாதி மாநிலங்களுக்கு மேல் கடை திறந்துவிட்டார்கள், நம் பையன் உள்ளே இருக்கிறான். 2020 டிசம்பரில் ஐ.நா. போதைப்பொருள் ஆணையம் கஞ்சாவை மிக ஆபத்தான பட்டியலிலிருந்து எடுத்தபோது இந்தியாவும் ஆதரித்து ஓட்டுப் போட்டது. வியன்னாவில் கை தூக்கினோம், உள்ளூரில் கிலோக் கணக்கு ஒரு கிராம்கூட மாறவில்லை. இந்த முரண்பாடுதான் கதை. இதை விட்டுவிட்டுப் பனிமூட்டத்தை விற்பவன், நல்ல பொருளைக் குறைந்த விலைக்குத் தள்ளிவிடுகிற முட்டாள் வியாபாரி.

"இருட்டா எழுதினா எடுக்க மாட்டாங்களே?" சிலர் எடுக்க மாட்டார்கள். சிலர் எடுப்பார்கள். நாமெல்லாம் சாமியாரையே அனுப்பிக்கொண்டிருந்தால், இந்தியா என்றால் சாமியார்தான் என்று அவர்கள் நினைக்காமல் என்ன செய்வார்கள்? அந்தப் படத்தை அவர் மனசில் பாதி வரைந்தது நாம்தான்.

ஆகவே, பிட்ச் அனுப்பப் போகும் மகா ஜனங்களுக்கு என் கோரிக்கைகள்:

கட்டுரையில் ஒரு இடத்திலாவது சட்டத்தின் பெயரும் வருடமும் கிலோவும் வரட்டும். அது இல்லாத இந்தியக் கஞ்சாக் கட்டுரை சுற்றுலாத் துறை விளம்பரம்.

ஊரைக் காட்டிக்கொடுக்காதீர்கள். நியூயார்க்கில் "ஒரு நெசவாளியின் மகன்" என்றால் யாரோ. எங்கள் பக்கத்தில் தெருவும் தொழிலும் சொன்னால் சாயங்காலத்துக்குள் வீட்டு வாசலில் ஆள் நிற்பான். உங்களுக்கு டாலர் வரும், அவனுக்கு இன்னொரு கேஸ் வரும்.

படத்துக்காகப் பொருளைக் கையில் வாங்காதீர்கள். "நான் எழுத்தாளன்" என்பது எந்தப் பிரிவிலும் விதிவிலக்காக எழுதப்படவில்லை.

சம்பந்தமில்லாத கோயிலையும் ஞானியையும் இழுக்காதீர்கள்.

கடைசியாக, முக்கியமாக: ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் தமிழ் உரிமையை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். எல்லா உரிமையும் எங்களுக்கே என்று எழுதியிருந்தால் அந்த ஒரு வரியை மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். காசா பணமா, கேட்டுத்தான் பாருங்களேன். பிறகு அதே கட்டுரையைத் தமிழில் எழுதி ஏதாவது ஒரு சிற்றிதழுக்கோ உங்கள் பதிவுக்கோ கொடுங்கள். காசு வராது. ஆனால் நீங்கள் யாரைப் பற்றி எழுதினீர்களோ அவர்கள் வீட்டில் ஒருத்தராவது அதைப் படித்து, "தம்பி, இந்த எடத்துல தப்பா எழுதியிருக்க" என்று சொல்ல முடியும். அவர்கள் படிக்கவே முடியாத மொழியில், படிக்கவே முடியாத நாட்டில் மட்டும் அவர்களைப் பற்றி எழுதிவிட்டு வருவதற்கு வேறு பெயர் இருக்கிறது, நாகரிகம் கருதி எழுதவில்லை.

என் பிட்சை மாற்றாமல் அப்படியே வைத்திருக்கிறேன். வேறு இடங்களுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறேன். யாரும் எடுக்காவிட்டால் முழுசாகத் தமிழில் இங்கேயே வரும். அதுவரைக்கும் பின்னூட்டத்தில் வந்து திட்டலாம்.

டிஸ்கி: இது கஞ்சா விளம்பரம் அல்ல. விட நினைப்பவர்களும் வீட்டில் இருப்பவர்களும் மத்திய அரசின் கட்டணமில்லாத உதவி எண் 14446-ஐக் கூப்பிடலாம். கேஸ் வாங்கிவிட்டு வக்கீல் வைக்க வழியில்லாதவர்கள் இலவச சட்ட உதவிக்கு 15100. இந்த இரண்டு எண்ணையாவது குறித்துக்கொள்ளுங்கள், மீதிப் பதிவை மறந்துவிட்டாலும் பரவாயில்லை.